நார்மல் என்று எழுதியிருந்த ரத்தக்குழாய்

என் மகளின் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் மூன்றரை சென்டிமீட்டர் அகலம் இருந்தது. சராசரி ஆளுக்கு அது கவலைப்பட வேண்டாத அளவு. அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அவளுடைய உயரம் நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அந்த உடம்புக்கு அந்தக் குழாய் எந்த நேரமும் கிழியக்கூடியது என்று ஒருவர் எங்களிடம் சொன்னபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயதாகியிருந்தது.

அவளுக்கு இருப்பது டர்னர் சிண்ட்ரோம். பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும். இவளுக்கு ஒன்றுதான். பிறக்கும்போதே அப்படி. அம்மா வழியில் வந்ததில்லை, அப்பா வழியில் வந்ததில்லை, யாரும் செய்த பாவமும் இல்லை. எதையும் எண்ணி வைக்கிற நான், இந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவியிடம் எத்தனை தடவை சொன்னேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

நாங்கள் மலேசியாவில், மம்பாவ் ஊரைத் தாண்டி ஒரு தோட்டத்தின் ஓரத்தில் குடியிருக்கிறோம். அந்தத் தோட்டத்தில் நான் கிராணியாக, கணக்கு எழுதுபவனாக இருந்தேன். ரப்பர் இருந்த காலத்தில் பால் நிறுத்து எழுதினேன். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு குலை எண்ணி எழுதினேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் இருபத்து நான்கு வீடு. அதில் தமிழர் இருப்பது இப்போது ஐந்து வீட்டில். இரண்டு வீட்டுக்குக் கூரை இல்லை, மற்றதெல்லாம் வெளிநாட்டுப் பையன்கள். வேலை விட்ட பிறகும் எங்களை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நிர்வாகத்தில் யாருக்கும் எங்களைத் தெரியாது என்பதுதான் காரணம்.

மகளுக்குப் பதினைந்து வயது ஆகும்வரை யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெசர், "அம்மா குள்ளம், பொண்ணும் குள்ளம். இதுக்கு என்னா மருந்து கேக்கிறீங்க கிராணி?" என்று சிரித்தார். பள்ளியில் எல்லா வருஷத்துப் படத்திலும் அவள் முதல் வரிசை, தரையில் உட்கார்ந்திருப்பாள். அவளைவிடச் சின்னப் பெண்களுக்கெல்லாம் வயசுக்கு வந்த சடங்கு நடந்தது. ஒவ்வொன்றுக்கும் என் மனைவி தட்டு தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் புடவையை மாற்றாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுவாள். பதினாறு சடங்குக்குப் போய் வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டாள்.

அங்கே குழந்தைகள் பிரிவில் ரத்தம் எடுத்துப் பெயர் சொன்னார்கள். உயரத்துக்கு ஊசி போடும் வயது தாண்டிவிட்டது என்றார்கள். சினைப்பை வேலை செய்யவில்லை, ஹார்மோன் மாத்திரை கொடுப்போம், மாதவிலக்கு வரும், அதற்காக நோய் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, எலும்புக்கும் ரத்தக்குழாய்க்கும் அந்த மாத்திரை நெடுங்காலம் வேண்டும் என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஐந்து விஷயம் சொன்னார். என் மனைவி அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாதவிலக்கு வரும்.

வந்தது. சடங்கு வைத்தாள். மண்டபம் எடுத்து, பந்தல் போட்டு, கெமாஸ் ஊரிலிருந்து மனைவியின் அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினார். தட்டு நாற்பத்தொன்று. மாத்திரை கொண்டுவந்த ரத்தத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றினார்கள். மகள் பிற்காலத்தில் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், "தாய்மாமனுக்கு ஏன்பா மாலை போட்டீங்க? அந்த டாக்டரைக் கூப்பிட்டுப் போட்டிருக்கணும்" என்பாள்.

எங்கள் ஆட்களிடம் சடங்கு என்பது முத்திரை குத்துவது மாதிரி. குத்தியாகிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. பெரிய மனுஷி ஆகிவிட்டவளுக்கு என்ன நோய்? அதற்குப் பிறகு வீட்டில் டர்னர் என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகிறீர்கள் என்று லயத்தில் யாராவது கேட்டால் மனைவியிடம் ஒரே பதில் இருந்தது: ரத்தக்குறைவு.

பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவு அவளை விட்டது. இனி பெரியவர்கள் பிரிவில் பார்ப்பார்கள் என்றார்கள். அங்கே போனால் அப்படி ஒரு பிரிவே இல்லை. பெண்கள் பிரிவு ஒரு கட்டடம், சுரப்பிக்கு ஒரு கட்டடம், இதயத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. நான்கு கட்டடம், நான்கு கிழமை. முன்பு ஒரு டாக்டர் முழுப் பிள்ளையைப் பார்த்தார். இப்போது ஆளுக்குக் கால் பங்கு. பெண்கள் பிரிவில் எந்த டாக்டர் மாறி வந்தாலும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆச்சா? பிள்ளை வேணுமா?" இரண்டுக்கும் இல்லை என்றால் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதற்குள் அவள் செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பூதக்கண்ணாடியில் சில்லுகளைப் பார்த்துக் கோளாறு பொறுக்கும் வேலை. ஷிஃப்ட் வேலையில் நான்கு கிழமை லீவு எவன் கொடுப்பான்? ஒவ்வொரு கட்டடமாக நின்றது. கடைசியில் மாத்திரை மட்டும் மிச்சம். இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்க வந்த கடைசி வீட்டாரும் உண்மை தெரிந்து விலகிப் போன பிறகு, மனைவி அந்த மாத்திரையையும் எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

"கல்யாணத்துக்குன்னுதானே குடிச்சா. அதுவே இல்லன்னு ஆயிருச்சு, அப்புறம் மாசாமாசம் எதுக்கு வயித்து வலி?"

மகளும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அவளுக்கும் அலுத்திருந்தது. எலும்புக்கு, ரத்தக்குழாய்க்கு என்று அந்தக் குழந்தைகள் டாக்டர் சொன்ன மற்ற நான்கு விஷயமும் மாத்திரையோடு அலமாரிக்குப் பின்னால் போயின.

முப்பத்தெட்டு வயதில் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்தது. எலும்புப் பிரிவில் இருந்த டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி விழுந்தால் இந்த வயதில் உடையக் கூடாதே என்றார். எலும்பு அடர்த்தி பார்த்தார்கள். என் எலும்பே அதைவிடத் தேவலை. அவர்தான் நோயின் பழைய பெயரைக் கேட்டு வாங்கி, ஹார்மோனுக்கும் இதயத்துக்கும் மறுபடியும் டாக்டர்களைப் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மூன்றரை சென்டிமீட்டர், நார்மல் என்று தாளில் வந்தது. மனைவி அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முனியாண்டி கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். டாக்டரைப் பார்க்கும் தேதி பாக்கி இருந்தது. சும்மா போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் மகளும் நானும் கிளம்பினோம்.

இதயப் பிரிவின் கூடத்தில் நாற்காலி நாற்பத்தெட்டு, அதில் ஆறு உடைந்தது. மின்விசிறி ஐந்தில் சுற்றியது மூன்று. நாங்கள் சுற்றாத விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். எனக்கு எப்போதும் அதுதான் வாய்க்கும். எண்ணைக் கூப்பிட்டதும் மகள் எழுந்து போனாள். அங்கிருந்த நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"அடேக், மாக் மானா?" தங்கச்சி, அம்மா எங்கே?

மகள் மலாயில் சொன்னாள்: "எங்கம்மா வீட்டில் மீன் கழுவுறாங்க. உங்கம்மா எங்கே மிஸ்ஸி?"

முதல் இரண்டு வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸி அடையாள அட்டையைப் பார்த்து வாயில் கை வைத்தார். "அலாமாக், ககாக்! அக்கா, நீங்க என்னைவிட மூத்தவங்க! என்ன பவுடர் போடுறீங்க, சொல்லுங்க."

"மாத்திரை நிறுத்தினா போதும், மிஸ்ஸி. முகம் வளராது."

அவளுடைய வாய்க்கு லயத்தில் எல்லாரும் பயப்படுவார்கள். குரலும் உயரத்துக்குச் சம்பந்தமில்லாத குரல். பின் வரிசைவரை கேட்கும்.

உள்ளே இருந்த டாக்டர் முப்பதைத் தாண்டாத பெண். நம் ஆள்தான், ஆனால் தமிழ் கொஞ்சம் தடுக்கும். எழுந்து நின்று, "வாங்கக்கா" என்றார். லயத்தில் சின்னப் பிள்ளைகள்கூட என் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடும். தமிழில் அக்கா என்று ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். மகள் உட்கார மறந்து நின்றாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு அவளை எடை மெஷினில் ஏற்றினார், சுவரோரமாக நிறுத்தி உயரம் பார்த்தார். நாற்பத்தெட்டு கிலோ. இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் எடுத்தார், அதிகமாக இருந்தது. கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டார். முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அங்கிள், இதுல குழாயை அளந்திருக்காங்க. அக்காவை அளக்கல."

"புரியல டாக்டர்."

"மூணரைங்கிறது உங்களுக்கு ஓகே. அக்கா உடம்போட பரப்புல வகுத்துப் பாக்கணும். வகுத்தா ரெண்டரைக்கு மேல வருது. டர்னர் இருக்கிறவங்களுக்கு ரெண்டரைக்கு மேல போனா நாங்க பயப்படுவோம். வால்வும் மூணு இதழுக்குப் பதிலா ரெண்டுதான் இருக்கு. பிரஷரும் இருக்கு. இது நார்மல் இல்ல அங்கிள்."

பால் ஸ்டோரில் நின்ற காலம் எனக்கு நினைவு வந்தது. ஒரே எடையில் இரண்டு வாளி வரும். ஒன்றில் ரப்பர் இருக்கும், இன்னொன்றில் பாதி ஆற்றுத் தண்ணீர். அதனால் எடையை மட்டும் பார்த்து எந்தக் கிராணியும் எழுத மாட்டான். பாலில் ஒரு கோலை மிதக்க விட்டு, எவ்வளவு ரப்பர் என்று பார்த்து, அதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அந்த ஆளின் வேலை தெரியும். ஸ்கேன் எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தராசைச் சரியாகத்தான் பார்த்திருந்தார். கோல்தான் அவரிடம் இல்லை.

"கிழிஞ்சா என்ன ஆகும்?" என்று மகள் கேட்டாள். நான் கேட்க நினைத்து விழுங்கிய கேள்வி.

"உயிருக்கு ஆபத்து அக்கா. நேரம் ரொம்ப இருக்காது." டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பிரஷர் மாத்திரை எழுதினார், ஹார்மோன் மாத்திரையைச் சுரப்பி டாக்டரிடம் பேசித் திரும்பத் தொடங்கச் சொன்னார், கனம் தூக்கக் கூடாது என்றார். கோலாலம்பூரில் பெரிய ஸ்கேனுக்கு எழுதினார். அதைப் பார்த்துதான் அறுவை செய்வதா, காத்திருப்பதா என்று அங்கே முடிவு செய்வார்கள். தேதி நான்கு மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

பிறகு நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இது முக்கியம். திடீர்னு நெஞ்சுலயோ முதுகுலயோ கிழிக்கிற மாதிரி வலி வந்தா நேரா இங்க எமெர்ஜென்சிக்கு வரணும். கவுண்டர்ல நெஞ்சு வலின்னு ஆரம்பிக்காதீங்க. பொம்பளை, நாப்பது வயசுகூட இல்ல, கேஸ்ட்ரிக்னு மருந்து குடுத்து உக்கார வச்சிருவாங்க. முதல் வார்த்தையே டர்னர்னு சொல்லணும். எனக்கு டர்னர் சிண்ட்ரோம், இதயத்துப் பெரிய குழாய் பெருத்திருக்கு, கிழிஞ்சிருக்கலாம், சிடி ஸ்கேன் எடுங்க. மலாய்ல. இப்பவே சொல்லுங்க பாப்போம்."

மகள் மலாயில் சொன்னாள். டாக்டர் இரண்டு இடத்தில் திருத்தினார். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

"ஸ்கூல்ல காலையில சபைகூடல்ல ருக்குன் நெகாரா உறுதிமொழி ஒப்பிச்ச மாதிரி இருக்கு டாக்டர்," என்றாள் மகள்.

"அதே மாதிரிதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி நம்பவில்லை.

"நார்மல்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப வகுத்துப் பாத்தாங்களா? பெருக்கிப் பாக்கச் சொல்லுங்க, சரியா வருதான்னு!"

"விளையாட்டுப் பேச்சில்ல. கிழிஞ்சா..."

"வாயைக் கழுவுங்க. அது அந்தச் சின்ன டாக்டரு படிச்சுப் பழகுது. நல்லா இருக்கிற உடம்பை நெஞ்சுல வெட்டணும்னா நான் விட மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்தப் பேரை லயத்துல சொல்லித் தொலைக்காதீங்க. கல்யாணமாகாதவன்னு பேசுறது பத்தாதா?"

மகள் அதற்குள் கண்ணாடி முன்னால் நின்று அந்த நான்கு வரியை மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எனக்குக் கூடத்தில் கேட்டது.

ஸ்கேன் தேதிக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு நாள் காலை மகள் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, பின்பக்கக் குழாயடியில் தன் சட்டையைக் கும்மிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தண்ணீர் ஓட ஓட, குழாயைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"முதுகுக்குள்ள யாரோ துணி கிழிக்கிறாங்கப்பா."

மனைவி தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். "வாய்வுதான். நேத்து மரவள்ளிய அவ்வளவு தின்னியே. இரு, எண்ணெய் சுட வச்சுத் தேய்ச்சு விடுறேன்."

"எண்ணெய் வேணாம்மா. பெரியாஸ்பத்திரி."

"மம்பாவ்ல கிளினிக் தொறந்திருக்கும், ஒரு ஊசி போட்டா..."

"அம்மா." அவ்வளவுதான் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு அம்மா சத்தம் கேட்டு வந்துவிட்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர், கை பலமானவர். அவர்தான் மகளைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கி என் காரில் வைத்தார். தானும் ஏறிக்கொண்டார். "என்னக்கா ஆச்சு பாப்பாவுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டார். "ஒண்ணுமில்ல, காத்து" என்று மனைவி வழியெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரிவரை சிக்னல் விளக்குக் கம்பம் ஏழு. நான்கில் சிவப்பு விழுந்தது. எழுபத்தாறு வயதில் நான் சிவப்பைத் தாண்டிப் போனது அன்று மட்டும்தான். இரண்டைத் தாண்டினேன், மற்ற இரண்டில் முன்னால் லோரி நின்றது.

சக்கர நாற்காலி கிடைத்தது. கவுண்டரில் இருந்தவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிள்ளைக்கு என்ன என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நான்கு வரியில் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மனைவி முன்னால் போய்விட்டாள். அவளுடைய முழங்கையை ஒட்டி அடுத்த வீட்டு அம்மா நின்றார்.

"காஸ்ட்ரிக்," என்றாள் மனைவி. "காஸ்ட்ரிக், என்ச்சிக். மாகான் உபி." வாய்வுதான் ஐயா, கிழங்கு தின்றாள்.

அந்த மனிதர் எழுதத் தொடங்கிவிட்டார். அதோ அங்கே உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அங்கே முப்பதுக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் சக்கர நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்து எழுந்து நின்றாள். நின்றும் கவுண்டர் அவள் தாடைக்கு இருந்தது.

"காஸ்ட்ரிக் இல்லை," என்று மலாயில் சொன்னாள். "எனக்கு டர்னர் சிண்ட்ரோம். இதயத்துப் பெரிய குழாய் பெருத்திருக்கு. கிழிஞ்சிருக்கலாம். சிடி ஸ்கேன் எடுங்க."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடம் முழுக்கக் கேட்ட அந்தக் குரலை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கவுண்டர்காரர் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு கையிலும் பிரஷர் எடுத்தார்கள். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் பெரிய வித்தியாசம். அதைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த வீட்டு அம்மா மனைவியைப் பார்த்து, "டர்னரா? அது என்னக்கா?" என்றார். மனைவி கையில் இன்னும் தோசைக் கரண்டி இருந்தது. அதை எப்போது காரில் ஏற்றினாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

கிழிசல் இருந்தது. இதயத்துக்கு மேலே தொடங்கி வளைவுவரை போயிருந்தது. ஆம்புலன்ஸில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அன்றே நெஞ்சைத் திறந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் திறந்து பயனில்லை என்று அறுவை செய்தவர் பிறகு சொன்னார். கவுண்டரில் யார் சொன்னது என்று கேட்டார். அவளே சொன்னாள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பிழைத்தாள். இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நிற்கவில்லை.

குழாயின் வளைவை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. குரலுக்கானது. கிழிசலாலோ அறுவையாலோ அது அடிபட்டுவிட்டது. இப்போது அவள் பேசினால் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் இருந்தால் கேட்கும். தொழிற்சாலையில் அவளை உடல் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாற்றி வைத்தது குழாயின் மேல் பாகத்தை மட்டும். கீழ்ப் பாகம் பழையதுதான், அதுவும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, ஆயுள் முழுவதும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். மறுபடியும் கிழியாது என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்டேன். இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் வேறு ஏதோ சொன்னார்கள்.

அக்கா என்று கூப்பிட்ட டாக்டரைக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் கோப்பின் முதல் பக்கத்தில் அந்த வகுத்த எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். புதிதாக வந்தவர் நல்ல மாதிரிதான். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார். கல்யாணம் ஆச்சா என்று அவரும் கேட்டார். நான்கு கட்டடம் இப்போது ஐந்தாகியிருக்கிறது, குரலுக்கு ஒன்று. போன தடவை கூடத்தில் வேறொரு மிஸ்ஸி, "அடேக், மாக் மானா?" என்றார். மகள் என்னவோ பதில் சொன்னாள். மிஸ்ஸி காதை நீட்டி, "அப்பா?" என்றார். மலாயில் அது என்ன என்று கேட்பது. மகள் கையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். யாரும் சிரிக்கவில்லை. விசிறி நான்கு சுற்றியது.

வீட்டில் ஒரு கவலையை நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தோம். மறுபடியும் வலி வந்தால் அந்தக் கூடத்தின் சத்தத்தில் இந்தக் குரலை யார் கேட்பார்கள்? எனக்கோ அவசரத்தில் வாய் அடைக்கிறது. அதை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

போன வாரம் நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது சமையல்கட்டில் மனைவியின் குரல் கேட்டது.

"அனாக் சாயா... தெனார்..."

"டர்னர்மா." காற்றுக் குரல்.

"டானர்."

"டர். டர்."

"டர், டர்னு மோட்டர் மாதிரி சொல்லச் சொல்றியே. டர்னர். சரியா? அனாக் சாயா அடா டர்னர் சிண்ட்ரோம். அப்புறம் என்னா? குழாய்க்கு என்னா?"

என் மகளுக்கு டர்னர் சிண்ட்ரோம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் என் மனைவியின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சாதத்தில் கை வைத்தபடி இருந்தேன்.

பின்வாசலில் அடுத்த வீட்டு அம்மா நின்றார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "என்னக்கா, இந்த வயசுல மலாய் பரீட்சை எழுதப் போறீங்களா?"

நான் பதிலை எதிர்பார்த்தேன். ரத்தக்குறைவு, காத்து, ஏதாவது.

"பாப்பாவுக்கு டர்னர்," என்றாள் மனைவி. "பொறந்ததுலேருந்தே. ஆஸ்பத்திரியில சொல்லணும், இல்லன்னா கேஸ்ட்ரிக்னு உக்கார வச்சுருவான். நீயும் உக்காரு, கத்துக்க. நான் இல்லாதப்ப வலி வந்தா நீதானே தூக்கிட்டுப் போவ."

அந்த அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டார். மகள் முதல் வரியைச் சொன்னாள். இருவரும் அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வீட்டு அம்மாவுக்கு என் மனைவியைவிடச் சீக்கிரம் வந்தது. தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் மண்டோரிடம் மலாயில் சண்டை போட்டுப் பழகிய வாய்.

நான் சாப்பிட்டபடியே எண்ணிப் பார்த்தேன். அந்த நான்கு வரியைச் சத்தமாகச் சொல்லக் கூடியவர்கள் இப்போது மூன்று பேர். எனக்கு எழுபத்தாறு, மனைவிக்கு எழுபத்தொன்று, அந்த அம்மாவுக்கு அறுபத்து நான்கு. மகளுக்கு நாற்பது. இன்னும் யாரையாவது சேர்க்க வேண்டும், இளசாக. ஐந்து வீட்டையும் ஒவ்வொன்றாக மனதில் தட்டிப் பார்த்தேன். அந்த வயதில் இருந்தவர்கள் எல்லாரும் எப்போதோ டவுனுக்குப் போய்விட்டார்கள்.

சமையல்கட்டில் மூன்றாவது வரி நடந்துகொண்டிருந்தது. எழுந்து கையைக் கழுவிவிட்டு நானும் போய் நின்றேன். மகள் என்னைப் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி விரலை நீட்டினாள்.